கருவியாக்கப்பட்ட கமக்காரன்: வன்முறைத் தீவிரவாதமும் அயகுச்சோவின் கிராமிய வாழ்வும்

வறுமையே வன்முறையின் தாய் என்னும் கூற்று ஏறக்குறைய ஒரு முதுமொழியின் நிலையை எய்தியுள்ளது. அரசியல் மேடைகளிலும் ஆய்வரங்குகளிலும் அது ஒருங்கே ஒலிக்கின்றது. அதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் அதுவே முழு உண்மையாயின், உலகின் வறிய ஊர்கள் அனைத்தும் போர்க்களங்களாக மாறியிருத்தல் வேண்டும். வன்முறை இயக்கங்களின் தலைவர்கள் அனைவரும் அன்றாடங்காய்ச்சிகளாக இருந்திருத்தல் வேண்டும். வரலாறு இவ்விரண்டையும் மெய்ப்பிக்கவில்லை. எனவே துயரம் தீவிரவாதமாக மாறும் வழியில், இடையே வேறொன்று செயற்படுகின்றது எனக் கொள்ள வேண்டும். அது யாது என்பது முதலாவது வினா.

எவர் பெயரால் ஆயுதம் ஏந்தப்படுகின்றதோ, அவருடைய வயலுக்கும் மந்தைக்கும் சந்தைக்கும் இறுதியில் நேர்வது என்ன என்பது இரண்டாவது வினா. முதலாவது வினாவை அரசறிவியலாளரும் இரண்டாவது வினாவைப் பொருளியலாளரும் தனித்தனியே ஆராய்வதே வழக்கம். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து அவற்றினடியில் ஓர் ஒழுக்கவியற் பிரச்சினை இருப்பது புலனாகும். நாளைய நன்மைக்கான விலையாக இன்று வாழும் மனிதனின் வாழ்வைச் செலவிட எவருக்கேனும் உரிமை உண்டா என்பதே அப்பிரச்சினை. இதனைச் சூனியத்தில் நின்று விவாதிப்பதிலும் ஒரு நாட்டின் அனுபவத்தை முன்வைத்து விவாதிப்பதே பயனுடையது. தென்னமெரிக்க நாடான பெரூவில், 1980 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்த உள்நாட்டுப் போர் இதற்குத் தக்க உதாரணமாகும். அப்போரைத் தொடக்கியவர் ஒரு மெய்யியற் பேராசிரியர் என்பதும், போரின் முடிவில் இறந்தோரைக் கணக்கிட்ட ஆணைக்குழுவுக்குத் தலைமை வகித்தவரும் ஒரு மெய்யியலாளரே என்பதும் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் அனைவரும் சிந்திக்க வேண்டிய செய்திகளாகும்.

அந்தீஸ் மலைத்தொடரின் நடுவே அமைந்துள்ள அயகுச்சோ மாநிலம் பெரூவின் மிக வறிய பகுதிகளுள் ஒன்று. கெச்சுவா மொழி பேசும் குடியானவர்களே அங்கு பெரும்பான்மையினர். இறந்தோரின் மூலை என அப்பெயருக்குக் கெச்சுவா மொழியிற் பொருள் கூறுவர். ஸ்பானியர் ஆட்சிக் காலத்தில் உருவான பெருநிலவுடைமை முறையும், கரையோரத் தலைநகரான லீமா மலைநாட்டு மக்கள்மீது கொண்டிருந்த இளக்காரமும் நூற்றாண்டுகளாக அம்மக்களை அழுத்தி வந்தன. எழுதப் படிக்கத் தெரியாதோருக்கு வாக்குரிமை இல்லை என்ற விதி, கெச்சுவாக் குடியானவரிற் பெரும்பாலோரை 1979ஆம் ஆண்டு அரசியலமைப்பு வரும்வரை குடியரசின் வாயிலுக்கு வெளியே நிறுத்தியிருந்தது. இந்தியரின் பிரச்சினை அடிப்படையில் நிலப் பிரச்சினையே என்று பெரூவின் சிந்தனையாளர் ஹோசே கார்லோஸ் மாரியாத்தெகி 1928இலேயே எழுதியிருந்தார். நியாயமான முறைப்பாடுகள் அயகுச்சோவில் இருந்தன என்பதை எவரும் மறுத்தல் இயலாது. அதனை மறுத்துவிட்டுத் தீவிரவாதத்தைக் கண்டிப்பது நோயை மறைத்துக்கொண்டு நோயாளியைக் கண்டிப்பதற்கு ஒப்பாகும்.

ஆயினும் முறைப்பாடு தானாகவே தீவிரவாதம் ஆகிவிடுவதில்லை. கூஸ்கோ மாநிலத்தின் லா கொன்வென்சியோன் பள்ளத்தாக்கில் 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் குத்தகைக் குடியானவர்கள் சங்கங்களாகத் திரண்டனர். நிலவுடைமையாளருக்குக் கூலியின்றி உழைத்துக் கொடுக்கும் கடமையை நிறைவேற்ற மறுத்தனர். வேலைநிறுத்தத்தின் வாயிலாகத் தாம் உழுத நிலத்தின்மீது உரிமை பெற்றனர். அப்போராட்டத்திலும் இரத்தம் சிந்தப்பட்டது. ஆனால் எதைக் கேட்பது, எதை இழப்பது, எப்போது நிறுத்துவது என்ற தீர்மானங்கள் பெரும்பாலும் குடியானவர் கையிலேயே இருந்தன. அதே மலைநாடு, அதே மொழி, அதே வறுமை. எனினும் விளைவு வேறு. ஆகவே வறுமையோடு வேறு எது சேர்ந்தபோது அயகுச்சோவில் தீ மூண்டது என்று வினவுதல் வேண்டும்.

விடையின் ஒரு பகுதியை அயகுச்சோ நகரின் பல்கலைக்கழகத்திலே தேட வேண்டியுள்ளது. 1677இல் நிறுவப்பட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூடப்பட்ட ஹுவாமங்காப் பல்கலைக்கழகம் 1959இல் மீளத் திறக்கப்பட்டது. குடியானவரின் பிள்ளைகளும் சிற்றூர்க் கடைக்காரரின் பிள்ளைகளும் முதன்முறையாகப் பட்டதாரிகளாகும் வாய்ப்பினைப் பெற்றனர். கல்வியின்மீது அம்மக்கள் கொண்டிருந்த தாகம் சாதாரணமானதன்று. இலவசக் கல்வியைக் கட்டுப்படுத்தும் ஆணையொன்றினை எதிர்த்து 1969 ஜூன் மாதத்தில் அயகுச்சோவிலும் ஹுவாந்தாவிலும் மாணவரும் குடியானவரும் வீதிக்கு இறங்கினர். பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டிற் பலர் மாண்டனர். கல்விக்காக உயிர் கொடுத்த அவ்வூர்களின் இளைஞர்கள் பட்டம் பெற்றபின், அதற்கேற்ற தொழில் அவர்களுக்குக் கிட்டவில்லை. தந்தையின் உலகத்தை அவர்கள் விட்டு நீங்கியிருந்தனர். லீமாவின் உலகமோ அவர்களை ஏற்றுக்கொள்ளவில்லை. இந்த இடைநிலையில் நின்றவர்களுக்கு அனைத்தையும் ஒரே மூச்சில் விளக்கிவிடும் ஒரு தத்துவம் தேவைப்பட்டது என, அப்பல்கலைக்கழகத்தில் முன்னர் கற்பித்தவரான மானிடவியலாளர் கார்லோஸ் இவான் தெக்ரெகோரி விளக்கியுள்ளார்.

அத்தகைய தத்துவத்தை வழங்கியவர் அபிமாயெல் குஸ்மான். 1962இல் ஹுவாமங்காவிற்கு மெய்யியல் கற்பிக்க வந்த இவர், 1960களிற் சீனாவுக்குச் சென்று மாஓவின் புரட்சியைக் கண்டு திரும்பியவர். இவர் தலைமையில் உருவான பெரூக் கம்யூனிஸ்ட் கட்சிப் பிரிவே, 'ஒளிரும் பாதை' என்னும் பெயரால் உலகறியப்பட்டது. அதன் முன்னணியினர் விரிவுரையாளர், பாடசாலை ஆசிரியர், மாணவர் ஆகியோர். பசியால் ஆயுதம் ஏந்தியவர் அல்லர். ஒரு முடிந்த முடிபினால் ஏந்தியவர்கள். வரலாற்றின் விதிகளைத் தாம் மட்டுமே அறிந்துகொண்டதாக அவர்கள் நம்பினர். சமூகம் எங்கு செல்ல வேண்டும் என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிட்டதெனின், அங்கு செல்ல விரும்புகின்றீர்களா என்று எவரையும் கேட்கவேண்டிய அவசியம் எழாது. தீவிரவாதத்தின் அகவயக் காரணி இதுவேயாகும். வறுமை விறகெனின் ஐயத்துக்கு இடமளியாத இந்த நிச்சயமே தீப்பொறி எனலாம்.

இந்த நிச்சயத்தின் முதலாவது வெளிப்பாடு குறிப்பிடத்தக்கது. எழுத்தறிவற்றோரும் வாக்களிக்கத் தகுதிபெற்ற முதலாவது பொதுத்தேர்தல் 1980 மே 18ஆம் நாள் நடைபெறவிருந்தது. அதற்கு முந்திய நாள், சுஸ்சி என்னும் மலைக்கிராமத்தில் ஒளிரும் பாதையினர் வாக்குப் பெட்டிகளைத் தீயிட்டனர். அவர்களது போரின் தொடக்கமாகக் கணிக்கப்படுவது இச்செயலே. வாக்குரிமையால் வறுமை நீங்கிவிடும் என்று எவரும் வாதிடத் தேவையில்லை. ஆனால் நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட குடியரசில் முதன்முறையாக உன் கருத்து யாது என்று கெச்சுவாக் குடியானவன் கேட்கப்பட்ட வேளையில், அவன் விடைகூறுவதற்கு முன்னரே அவனுடைய விடுதலையாளர்கள் அந்த வினாவை எரித்துவிட்டனர்.

இங்கு ஜேர்மன் மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற் நினைவுக்கு வருவது இயல்பே. மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாகக் கொள்ளலாகாது, எப்போதும் அவனை ஒரு குறிக்கோளாகவும் மதித்தல் வேண்டும் என்பது 1785இல் அவர் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலின் சாரம். குஸ்மான் கான்றினை அறியாதவர் அல்லர். இடம் பற்றிய கான்றின் கோட்பாட்டினையே தமது பட்ட ஆய்வுக்குப் பொருளாகக் கொண்டவர். கான்றின் இடக்கோட்பாட்டைக் கற்றவர் அவரது ஒழுக்கவியலைப் பின்பற்ற வேண்டும் என்ற நியதி இல்லை. ஆயினும் கல்வி மட்டுமே மனிதனை மனிதத்தன்மையுள்ளவனாக்கும் என்ற நம்பிக்கைக்கு இது கடுமையான எச்சரிக்கையாகும்.

கான்றின் கூற்றில் 'வெறும்' என்ற சொல் முக்கியமானது. மனிதர் ஒருவரையொருவர் பயன்படுத்தாமல் வாழ்தல் இயலாது. சந்தையில் உப்பு வாங்குபவன் விற்பவனைத் தன் தேவைக்குப் பயன்படுத்துகின்றான்; விற்பவனும் அவ்வாறே. ஆனால் இருவரும் தத்தம் குறிக்கோளுடன் சந்தைக்கு வருகின்றனர். விலை ஒவ்வாவிடின் விலகிச் செல்கின்றனர். விலகிச் செல்லும் உரிமை இருக்கும்வரை ஒருவன் மற்றவனுக்கு வெறும் கருவியாவதில்லை. இவ்வாறு நோக்கின், சீவனோபாயம் என்பது வயிற்றை நிரப்பும் முயற்சி மட்டுமன்று என்பது விளங்கும். எதை விதைப்பது, எப்போது அறுப்பது, எவருடன் மாற்றிக்கொள்வது, பிள்ளைக்கு எதனை விட்டுச் செல்வது என்று ஏழைக் கமக்காரனும் தன் அறிவைக்கொண்டு தானே தீர்மானிக்கும் களம் அது. அதில் அவன் தனக்குத் தானே தலைவன். தீவிரவாதம் அக்களத்தினுள் எவ்வாறு புகுந்தது என்பதே இனி நோக்கற்பாலது.

அந்தீஸ் மலைக் கமத்தொழில் உயரத்தை அடிப்படையாகக் கொண்டது. மிக உயர்ந்த புல்வெளிகளில் அல்பாக்காவும் லாமாவும் ஆடும் மேய்கின்றன; அதற்குக் கீழே உருளைக்கிழங்கு விளைகின்றது; மேலும் தாழ்ந்த பள்ளத்தாக்குகளிற் சோளம் விளைகின்றது. ஒரே குடும்பமோ ஒரே சமூகமோ பல்வேறு உயரங்களில் நிலத்தையும் உறவுகளையும் பேணி, ஒன்றில் விளைவதை மற்றொன்றில் விளைவதனுடன் மாற்றிக்கொள்வது இன்கா மன்னர் காலத்துக்கும் முற்பட்ட வழக்கம். மானிடவியலாளர் ஜோன் மூரா 1970களில் இதனைச் சிறப்புற எடுத்துக்காட்டினார். உறைபனி ஓர் உயரத்துப் பயிரை அழித்தாலும் மற்றொன்று உயிர் காக்கும். இன்று நான் உன் வயலில் உழைத்தால் நாளை நீ என் வயலில் உழைப்பாய் என்னும் 'அய்னி' முறையும், நீர்வாய்க்கால்களை ஊர்கூடித் துப்புரவு செய்யும் வழக்கமும் இத்தொழிலின் தூண்கள். வாரச் சந்தையே இவ்வமைப்பின் இதயம். உப்பு, சீனி, தீப்பெட்டி, மண்ணெண்ணெய், பிள்ளைகளின் கொப்பிகள் யாவும் அங்கிருந்தே வந்தன.

ஒளிரும் பாதையின் கோட்பாட்டில் இச்சந்தை முதலாளித்துவத்தின் கால்வாய். கிராமங்களைக்கொண்டு நகரங்களைச் சுற்றிவளைத்துப் பட்டினி போடுதல் அதன் போர்முறை. எனவே குடியானவர் தம் சொந்தத் தேவைக்கு மட்டுமே பயிரிட வேண்டும், நகருக்கு விற்கலாகாது எனக் கட்டளை பிறந்தது. ஹுவாந்தாவின் மேட்டுநிலங்களிலே கூடிய லிரியோ சந்தை போன்றவை மூடப்பட்டன. வரைபடத்தில் நோக்கும்போது இது நகரத்தின்மீதான முற்றுகை. மலையுச்சியில் வாழும் தாய்க்கோ உப்பில்லாத கஞ்சி. குடியானவரின் பெயரால் நடந்த புரட்சி, அவர் நூற்றாண்டுகளாகச் செய்துவந்த கொடுக்கல் வாங்கலையே முதலிற் குற்றமாக்கியது.

1982 ஆகஸ்டில் அல்பாச்சாக்கா என்னும் இடத்திலிருந்த பல்கலைக்கழகப் பரிசோதனைப் பண்ணை தாக்கி அழிக்கப்பட்டது. கால்நடை இனங்களை மேம்படுத்துவதற்கும் விதை ஆய்வுக்கும் என ஹுவாமங்காப் பல்கலைக்கழகம் பேணிவந்த பண்ணை அது. மாடுகள் வெட்டப்பட்டபோது அவ்வூர்ப் பெண்கள் அழுதனர் என்பதும், இவ்வுயிர்கள் செய்த பாவம் என்ன என்று வினவினர் என்பதும் பதிவாகியுள்ளன. அவ்வினாவை வெறும் இரக்கமெனக் கருதுதல் தவறு. மலைக் குடியானவனுக்கு மாடு உழவு, உரம், பால், சேமிப்பு, ஆபத்துக்கு உதவும் வங்கி ஆகிய அனைத்துமாகும். அதனைச் சுரண்டலின் சின்னமாகக் காண்பதற்கு அதன் பாலை நம்பி வாழாதவனாக இருத்தல் வேண்டும்.

தொடக்க காலத்தில் இயக்கத்துக்குக் கிராமங்களிற் சிறிதளவு ஆதரவு இருந்தது என்பதையும் மறைத்தலாகாது. கால்நடைத் திருடரையும், மனைவியரை அடித்துத் துன்புறுத்துவோரையும், ஊழல் புரிந்த அலுவலரையும் அது தண்டித்தது. அரசின் நீதி எட்டாத இடத்தில் நீதி போன்ற ஒன்று தோன்றியது கண்டு மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் தண்டனை கொலையாக மாறியபோது அவர்கள் தயங்கினர். தண்டியுங்கள், ஆனால் கொல்லாதீர்கள் என்பதே பல ஊர்களில் எழுந்த வேண்டுகோள் என்று தெக்ரெகோரி எடுத்துரைக்கின்றார். இவ்வேண்டுகோளில் ஆழ்ந்த ஒழுக்கவியல் உறைந்துள்ளது. சிற்றூரிற் குற்றவாளியும் ஒருவனுக்கு மைத்துனன், மற்றொருவனுக்கு வயலயலவன். அவனைச் சவுக்கால் அடித்துத் திருத்தினால் அடுத்த பருவத்தில் அவன் ஏர் பிடிப்பான். கொன்றுவிட்டால் அவன் பிள்ளைகளும் அவனுடைய தரிசு நிலமும் ஊரின் பாரமாகும். புரட்சியாளனின் நீதிக்கு வரலாறு சாட்சி. குடியானவனின் நீதிக்கு நாளைய விதைப்பு சாட்சி.

அந்தத் தயக்கத்தை இயக்கம் துரோகமாகக் கண்டது. கோல் ஏந்தி ஊர்க் காரியங்களை நடத்திவந்த மரபுவழித் தலைவர்கள் நீக்கப்பட்டனர், சிலர் கொல்லப்பட்டனர். இளைஞரும் சிறுவரும் படைக்கு எடுக்கப்பட்டனர். உள்ளூர்த் தலைவன் ஒருவனை ஊரார் கொன்றதற்குப் பழியாக, 1983 ஏப்ரல் 3ஆம் நாள் லூக்கனமார்க்காக் கிராமத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் 69 பேரை ஒளிரும் பாதையினர் கொன்றனர். கோடரியும் கத்தியுமே பெரும்பாலும் ஆயுதங்களாயின. மாண்டவருட் கைக்குழந்தையும் அடங்கும். 1988இல் நாளேடொன்றுக்கு அளித்த நீண்ட பேட்டியில், அத்தாக்குதல் தலைமையின் தீர்மானமே என்பதைக் குஸ்மான் ஒப்புக்கொண்டார். அத்துமீறல் நிகழ்ந்ததை ஏற்றபோதிலும் அதன் அவசியத்தை நியாயப்படுத்தினார். புரட்சிக்குச் செலுத்த வேண்டிய இரத்தப் பங்கு என்ற எண்ணம் இயக்கத்தின் சிந்தனையில் நிலைபெற்றிருந்தது. பங்கு செலுத்துபவர் யார், எவ்வளவு செலுத்துவது என்று தீர்மானிப்பவர் யார் என்னும் வினாக்களுக்கு அச்சிந்தனையில் இடமிருக்கவில்லை.

அரசின் பக்கத்தையும் இங்கு நோக்காதுவிடின் இந்த ஆய்வு நேர்மையற்றதாகும். 1982 டிசம்பர் இறுதியில் இராணுவம் அயகுச்சோவின் பொறுப்பை ஏற்றது. கெச்சுவா பேசும் ஒவ்வொருவனும் சந்தேகத்துக்குரியவன் என்ற நிலை தோன்றியது. 1984 டிசம்பரிற் பூத்திஸ் என்னும் மலையூரிற் பாதுகாப்புத் தேடி ஒன்றுகூடிய மக்களிடம் மீன் வளர்ப்புக் குளம் வெட்டுமாறு படையினர் கூறினர். அவர்கள் வெட்டிய குளமே அவர்களின் புதைகுழியாயிற்று. அங்கு கொல்லப்பட்டோர் குறைந்தது 123 பேர் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. 1985 ஆகஸ்ட் 14ஆம் நாள் அக்கோமார்க்காவில் அறுபதுக்கு மேற்பட்ட கிராமத்தவர், பெண்களும் சிறுவரும் உட்பட, இராணுவத்தினராற் கொல்லப்பட்டனர். ஒரு குளத்தினால் வாழ்வு சிறிது செழிக்கும் என்ற ஏழையின் நம்பிக்கையையே கொலைக்குக் கருவியாக்கிய செயலுக்கு எந்த நாட்டுப் பாதுகாப்பும் நியாயமாகாது. கிளர்ச்சியாளன் குடியானவனை வரலாற்றின் மூலப்பொருளாகக் கண்டான்; படையினன் அவனை எதிரி மறையும் புதராகக் கண்டான். அவனை மனிதனாகக் காண இருவரும் தவறினர்.

இவ்விரு தீக்கும் இடையில் அகப்பட்ட ஊர்கள் வெறுமையாயின. 1983 ஜனவரியில், அந்நியரைக் கிளர்ச்சியாளர் எனக் கருதி எட்டுப் பத்திரிகையாளரை ஊரார் கொன்ற உச்சுரக்காய் என்னும் ஊர், அதன்பின் பல தரப்பினராலும் தாக்கப்பட்டுத் தன் மக்களில் 135 பேரை இழந்தது. எஞ்சியோர் ஊரைக் கைவிட்டு ஓடி, 1993இலேயே திரும்பத் தொடங்கினர். நாடெங்கும் ஏறத்தாழ 6 இலட்சம் பேர் இடம்பெயர்ந்தனர் என மதிப்பிடப்படுகின்றது. அவர்களிற் பலர் லீமாவின் மணற்குன்றுகளில் ஓலைப்பாய்க் குடிசைகளில் ஒதுங்கினர். ஆட்கள் நீங்கிய ஊரில் அழிவு மெதுவாக நிகழும். வாய்க்கால் துப்புரவு செய்யப்படாமல் தூர்கின்றது. படிக்கட்டு வயலின் கல்லணை சரிகின்றது. கால்நடை களவு போகின்றது. உருளைக்கிழங்கு கிழங்கிலிருந்தே மீளப் பயிராக்கப்படுவதால், சில பருவங்கள் நடாது விட்டால் தலைமுறைகளாகப் பேணிய உள்ளூர் இனங்கள் அறவே மறைந்துவிடும். லீமாவில் 1971இல் நிறுவப்பட்ட சர்வதேச உருளைக்கிழங்கு ஆய்வு நிலையம், 1990களின் பிற்பகுதி முதல் அத்தகைய இனங்களின் விதைக்கிழங்குகளை மலைக்கிராமங்களுக்கு மீளக் கையளிக்க வேண்டியதாயிற்று. கிழங்கை மீளக் கொடுக்கலாம். எந்தச் சரிவில் எந்தக் கிழங்கை எப்போது நடுவது என்று அறிந்திருந்து மாண்ட முதியவரை மீட்டுத் தருதல் இயலாது.

காட்டுநிலங்களில் வாழும் அஷானிங்கா மக்களின் கதை இன்னும் கொடிது. ஏறத்தாழ 55,000 பேரைக் கொண்ட அவ்வினத்தில் 6,000 பேரளவில் மாண்டனர். 5,000 பேரளவில் ஒளிரும் பாதையின் பிடியிற் கட்டாய உழைப்பில் வைக்கப்பட்டனர். அடிமைத்தனத்தை ஒழிக்கப் புறப்பட்ட கோட்பாடு அடிமைகளை வைத்திருக்கும் நிலையை அடைந்தது. கொள்கையிலிருந்து வழுவியதால் மட்டும் இது நேர்ந்தது எனக் கூறிவிட முடியாது. மனிதன் வெறும் கருவியே என்ற எடுகோளிலிருந்து அடிமை முறைக்கு அதிக தூரமில்லை.

இவ்விடத்தில் ஒரு வலிமையான மறுப்பு எழக்கூடும். பசியும் நோயும் இளக்காரமும் ஆண்டுதோறும் ஓசையின்றிப் பல்லாயிரவரைக் கொல்கின்றன; அதுவும் வன்முறையே; அதனைப் பொறுத்துக்கொண்டு துப்பாக்கி வன்முறையை மட்டும் கண்டிப்பது வசதியுள்ளோரின் ஒழுக்கமன்றோ என்பதே அம்மறுப்பு. ஃபனன் போன்ற சிந்தனையாளரின் எழுத்துகள் இவ்வாதத்துக்கு வலுவூட்டியுள்ளன. இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. அமைப்பினுள் உறைந்திருக்கும் வன்முறை மெய்யானது. அதனைக் காணாத ஒழுக்கவியல் குருடானது. ஆனால் இவ்வாதம் நிறுவுவது யாது? துன்புறுவோருக்கு எதிர்த்துநிற்கும் உரிமை உண்டு என்பதையே அது நிறுவுகின்றது. அவர் சார்பில் வேறொருவர், அவரைக் கேளாது, அவர் உயிரையே பணயமாக வைக்கும் உரிமையை அது நிறுவவில்லை. லா கொன்வென்சியோன் குடியானவன் தன் உழைப்பைத் தான் மறுத்தான். அதன் விலையையும் தானே அறிந்து ஏற்றான். லூக்கனமார்க்காக் குடியானவனோ, தான் அறியாத ஒரு கணக்கிற் செலவாக எழுதப்பட்டான். எதிர்ப்புக்கும் தீவிரவாதத்துக்கும் இடையிலான எல்லைக்கோடு இங்கேயே உள்ளது. அது வன்மையின் அளவைப் பொறுத்தது மட்டுமன்று. தீர்மானம் எவர் கையில் உள்ளது என்பதையும் பொறுத்தது.

பெரூவின் குடியானவரே இறுதியில் இதற்குச் சான்று பகர்ந்தனர். ஒளிரும் பாதை நகரங்களிற் குண்டு வைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே மலைநாட்டில் அதன் வேர் அறுந்துகொண்டிருந்தது. ஊர்க்காவற் குழுக்களை அமைத்துக் குடியானவர் அதனை எதிர்த்தனர். சில இடங்களில் இராணுவத்தின் கட்டாயத்தினாலும் பல இடங்களில் தம் வெறுப்பினாலும் அவர்கள் இவ்வாறு செய்தனர். 1992 செப்டெம்பர் 12ஆம் நாள் குஸ்மான் கைதானது மலைமுகாமில் அன்று. லீமாவின் வசதியான வீடொன்றில். 2021 செப்டெம்பர் 11ஆம் நாள் அவர் சிறையிலே காலமானார்.

2001இல் நியமிக்கப்பட்ட உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு, மெய்யியலாளர் சாலமோன் லெர்னரின் தலைமையில் 2003 ஆகஸ்ட் 28ஆம் நாள் தன் அறிக்கையைக் கையளித்தது. மாண்டோரும் காணாமற்போனோரும் ஏறத்தாழ 69,280 பேர் என அது மதிப்பிட்டது. தன்னிடம் முறையிடப்பட்ட மரணங்களில் 54 சதவீதத்துக்கு ஒளிரும் பாதை பொறுப்பு என்றும், அரசபடையினரும் அவர்சார்ந்த குழுக்களும் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டதற்குப் பொறுப்பு என்றும் கண்டது. இறந்தோரில் நால்வரில் மூவர் கெச்சுவா முதலிய சுதேச மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர். 79 சதவீதத்தினர் கிராமவாசிகள். பாதிக்கு மேற்பட்டோர் கமத்தொழிலாலும் கால்நடையாலும் வாழ்ந்தவர். அதற்கு முன்னர் நாட்டிற் பெரிதும் பேசப்பட்டுவந்த எண்ணிக்கை இதில் ஏறத்தாழப் பாதியே. அஃதாவது, முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மனிதர் இறந்தமையை அவர்களுடைய சொந்த நாடே அறிந்திருக்கவில்லை. கொலையுண்டவர் குடியானவராகவும் கெச்சுவா மொழியினராகவும் இருந்தமையாலேயே இது இயலுவதாயிற்று.

இந்த அறியாமையே காரணத்தையும் விளைவையும் இணைக்கும் கண்ணியாகும். குடியானவனின் சாவு கணக்கில் வராத நாட்டில், அவனுடைய வாழ்வும் அதற்கு முன்னரே கணக்கில் வந்திருக்கவில்லை. அந்த அலட்சியம் ஒரு தலைமுறை இளைஞரின் சினத்தை வளர்த்தது. சினங்கொண்ட இளைஞரைப் பயன்படுத்திய கோட்பாடும் குடியானவனைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆகவே தீவிரவாதம் பழைய அநீதியின் எதிரியைப்போலத் தோன்றினும் அதன் பார்வையையே சுவீகரித்துக்கொண்ட வாரிசாகும். அதனை ஒழிக்கப் படைபலம் மட்டும் போதாது. பாதையும் பாடசாலையும் அமைத்துக் கொடுப்பதும் மட்டும் போதாது. தன் வாழ்வைப் பற்றிய தீர்மானத்திற் குடியானவன் பங்குகொள்ளும் நிலையே அதன் வேரை அறுக்கும்.

கற்றோர்க்கு இதிலுள்ள பொறுப்பு சிறப்பானது. அநீதியைக் கண்டு சினங்கொள்ளாத கல்வி பயனற்றது. அச்சினம் இல்லாவிடின் பல்கலைக்கழகம் வெறும் சான்றிதழ்ச் சாலையாகிவிடும். ஆனால் மக்களின் நன்மையை மக்களிலும் மேலாகத் தாம் அறிந்திருப்பதாக எண்ணும் சோதனை, கற்றோரையே முதலில் வந்தடைகின்றது. இதனால் யாருக்கு நன்மை என்று மட்டும் வினவினால் எந்தக் கோட்பாடும் ஓர் அழகிய விடையைத் தந்துவிடும். இதனை யார் தாங்கப்போகின்றார், அவரிடம் கேட்கப்பட்டதா, வேண்டாம் என்று அவர் கூறின் அதன்பின் அவர் உயிருடன் இருப்பாரா என்னும் வினாக்களும் உடன் எழுப்பப்படல் வேண்டும். அல்பாச்சாக்காப் பெண்கள் எழுப்பிய வினா அவ்வகையினது. அதற்கு விடைகூற இயலாத எந்தத் தத்துவமும், அது எத்துணை ஒளி பொருந்திய பெயரைத் தாங்கி வரினும், உழுதுண்டு வாழ்வோருக்கு உரியதன்று.